ஒரு தகப்பனுக்கு நாலு குடும்பப் பெயர்

நாங்கள் நாலு பிள்ளைகள். ஒரே தகப்பன், ஒரே தாய், ஒரே வளவு. ஆனால் இன்றைக்கு எங்கள் நாலு பேருடைய கடவுச்சீட்டுகளையும் ஒரு மேசையில் பரப்பி வைத்தால், இவர்கள் சகோதரங்கள் என்று முன்பின் தெரியாத ஒருவரும் சொல்லமாட்டார்கள். பெரியண்ணா கனடாவில் இருக்கிறார். அவருக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, அது அவருடைய பிள்ளைகளுக்கும் போய், இப்போது பேரப்பிள்ளைக்கும் வந்துவிட்டது. சின்னண்ணா பிரான்சுக்குப் போய் இறங்கியபோது எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னுக்கும் தன் பெயரைப் பின்னுக்கும் எழுதிக் கொடுத்தார். பின்னுக்கு நின்றதை அங்கே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து, ஊரில் நாங்கள் அவரைக் கூப்பிட்ட பெயர் அவருடைய பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர். அவரைக் கூப்பிடும் பெயரோ அப்பாவுடையது. அக்கா நோர்வேயில், அத்தானின் பெயரோடு. நான் யாழ்ப்பாணத்தில், கலியாணத்தோடு மாறிய ஒரு முன்னெழுத்தோடு.

இதைப் பற்றி நாங்கள் வருசக்கணக்காகத் தொலைபேசியில் வாக்குவாதப்பட்டிருக்கிறோம். "அப்பாவின்ர பெயர் இஞ்ச இனி அழியாது. நீ ஊரிலயே இருந்தும் கலியாணம் கட்டின அண்டோட அதை விட்டிட்டாய்" என்பார் பெரியண்ணா. அது உண்மைதான். சின்னண்ணா அதிகம் கதைக்கமாட்டார். "ஆசுப்பத்திரியில அப்பாவைத்தான் கூப்பிடுறாங்கள், நான் எழும்பிப் போறன்" என்று ஒருமுறை சொன்னார். அப்பா செத்த கிழமை ஏதோ அலுவலாக ஒரு கந்தோரில் இருந்தபோது அப்படிக் கூப்பிட்டார்களாம். எழும்ப முடியவில்லையாம். இரண்டாம் தரமும் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு அவரோடு இந்த விசயத்தில் வாக்குவாதப்பட எனக்கு மனம் வந்ததில்லை.

ஆனால் பெரியண்ணாவோடு விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அப்பாவுக்கும் ஒரு தகப்பன் இருந்தார். அவர் பெயர் அப்பாவின் முன்னெழுத்தில் இருந்தது. அவருக்கும் ஒரு தகப்பன். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரு காலம் நின்றுவிட்டு, பிள்ளை தகப்பனானதும் இடம்விட்டு விலகிப் போனவர்கள். எண்பதுகளில் கொழும்பில் விமானம் ஏறிய ஒரு தலைமுறை, தற்செயலாக அந்த நேரம் முன்னால் நின்ற தகப்பனை வமிசத்தின் தலைவராக ஆக்கிவிட்டது. அப்பா நல்ல மனிதர். ஆனால் எங்கள் வமிசம் அவரில் தொடங்கவில்லை. அவருக்கு முந்தினவர்கள் எல்லாரும் ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில் இல்லாமல் போனார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மச்சான்மார் இரண்டு பேர்

இது விமானத்தோடு வந்த பிரச்சினையும் அல்ல. மானிப்பாயை வேராகக் கொண்ட ஒரு குடும்பத்தைப் பாருங்கள். அருணாசலத்தின் மகன் பொன்னம்பலம். பொன்னம்பலத்தின் பிள்ளைகள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். அதாவது சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்று நாங்கள் சொல்லும்போது தகப்பனையும் மகனையும் சொல்கிறோம். மகனின் பெயருக்குள் பாட்டனும் இருக்கிறார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம், ஆகவே முன்னெழுத்தில் இருந்து விலகிப் போனவர் ஒரு தலைமுறை கழித்துப் பேரனின் சொந்தப் பெயராகத் திரும்பி வருகிறார். அருணாசலத்தின் மகன் சேர் அருணாசலம் மகாதேவா. அதில் பொன்னம்பலம் இல்லை. இல்லாமல் போனதற்காக அந்தக் குடும்பத்தை யாரும் மறக்கவில்லை.

இந்தச் சகோதரர்களின் தாய்க்கு ஒரு தம்பி இருந்தார், சேர் முத்துக்குமாரசுவாமி. அவருடைய தகப்பன் பெயர் குமாரசுவாமி. இங்கிலீசில் முத்து முன்னுக்கும் குமாரசுவாமி பின்னுக்குமாக எழுதினார். அவர் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் கட்டி, 1877 இல் கொழும்பில் பிறந்த மகன்தான் உலகம் அறிந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. எங்கள் வழக்கப்படி அவர் முத்துவின் மகன். ஆனால் இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைக்குக் குமாரசுவாமி என்பது குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அந்தப் பெயருக்கு உரியவர், பேரன் பிறப்பதற்கு நாற்பது வருசம் முன்பே, 1836 இல், காலமான பாட்டன். இராமநாதனும் ஆனந்த குமாரசுவாமியும் மாமன் மகன், மாமி மகன் முறையான மச்சான்மார். ஒரு மச்சானின் வழியில் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை நகர்ந்துகொண்டிருந்தது. மற்ற மச்சானின் வழியில் அப்படியே நின்றுபோனது. என் அண்ணன்மாருக்கும் எனக்கும் நடந்தது நூறு வருசத்துக்கு முதல் அந்த வீட்டிலும் நடந்திருக்கிறது.

இதற்குக் கடல் தாண்டவும் தேவையில்லை. அரசியல்வாதி ஜி. ஜி. பொன்னம்பலம், அவர் மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று எங்கள் கண்முன்னாலேயே ஒரு பெயர் மூன்று தலைமுறையாக நிற்கிறது. பெரியவர்களின் பெயருக்கு ஒரு பலம் வந்துவிட்டால் அதை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விரும்பி வைத்திருப்பது வேறு, ஒரு கட்டத்தை நிரப்பாவிட்டால் விசா கிடைக்காது என்பதற்காக வைத்திருப்பது வேறு.

இன்னொன்றும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். அங்கே படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்கள் தந்தார்கள். தாங்கள் விரும்பிய ஒரு பெயரைப் பிள்ளைக்கு இடும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அப்படித்தான் கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்கள் எங்களுக்குக் கிடைத்தன. எல்லாரும் பெரிய தமிழறிஞர்கள். ஆனால் அந்தப் பெயர்களை வரிசையாக வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தும். எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கிறவர் தகப்பன். அந்த இடத்தில், அந்தப் பிள்ளையை ஒருநாளும் காணாத ஒருவரின் விருப்பம் போய் நின்றிருக்கிறது. அதே செமினறியின் வளவில் படித்து, விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான தாமோதரம்பிள்ளையை நாங்கள் சி. வை. என்கிறோம். சி என்பது சிறுப்பிட்டி, வை என்பது வைரவநாதர். ஊர், தகப்பன், ஆள். இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அக்காவின் அயலவர்கள்

நோர்வேக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன், அக்காவின் மூத்த மகளுடைய கலியாணத்துக்கு. மாப்பிள்ளை நோர்வேக்காரப் பெடியன். அவர்களுடைய வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவருடைய தாய் பழைய தேவாலயப் பதிவுகளின் பிரதிகளை மேசையில் வைத்து, பெறாமகளின் உதவியோடு எனக்கு வாசித்துக் காட்டினா. அன்றைக்கு நான் கேட்டது இன்றுவரை என்னை விடவில்லை.

அவர்களுடைய நாட்டுப்புறத்தில் நூறு நூற்றைம்பது வருசத்துக்கு முதல் ஒரு ஆளுக்கு மூன்று துண்டுப் பெயர். முதலில் சொந்தப் பெயர். பிறகு தகப்பனின் பெயர், ஆணுக்கு 'சென்' என்றும் பெண்ணுக்கு 'டாட்டர்' என்றும் முடிவோடு. ஹான்ஸின் மகன் ஹான்சென், ஹான்ஸின் மகள் ஹான்ஸ்டாட்டர். மூன்றாவதாக, அந்த ஆள் இருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்த மூன்றாவது துண்டும் மாறும். நாட்டுப்புறப் பெண் கலியாணம் கட்டினாலும் தகப்பனின் மகளாகவே இருந்தாள். பண்ணையின் பெயர் மட்டும் மாறியது. பிறகு 1923 இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிரந்தரமாக ஒரு பெயர் இருக்கவேண்டும், மனைவி கணவனின் குடும்பப் பெயரை எடுக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். சிலர் அந்த நேரம் இருந்த தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஹான்சென் இன்றைக்கும் அங்கே மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. சிலர் பண்ணையின் பெயரை எடுத்தார்கள். மாப்பிள்ளையின் வீட்டார் பண்ணைப் பெயரை எடுத்தவர்கள். அந்தப் பண்ணை அவர்களிடம் இப்போது இல்லை. மலைச்சரிவு ஒன்றின் பெயர் அது.

நான் பெறாமகளிடம் கேட்டேன்: "அப்ப இவையும் எங்களைப் போலத்தானே இருந்திருக்கினம்?" அவள் மாமியாரிடம் அதை மொழிபெயர்த்தாள். அந்த மனுசி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் பாட்டிக்குச் சட்டத்தால் வந்த பெயரில் கடைசிவரை விருப்பம் இருக்கவில்லை என்று சொன்னா.

ஐசுலாந்தில் இன்னும் பெரும்பாலும் பழைய முறைதான். அங்கே 1980 இல் சனாதிபதியாகத் தெரிவான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகியின் மகள். சனாதிபதியையும் விக்டிஸ் என்று சொந்தப் பெயரால்தான் சொல்லுவார்கள். தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதில் ஆட்களைச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் தேடவேண்டியிருந்தது. விரும்பினால் தாயின் பெயரையும் அந்த இடத்தில் வைக்கலாம். எத்தியோப்பியாவிலும் தகப்பன் பெயர் பின்னால் வரும், பெண் கலியாணத்தில் அதை மாற்றுவதில்லை. எங்கள் பாட்டன்மார் றெயில்வேக்கும் கந்தோருக்கும் வேலைக்குப் போன மலாயாவில், இன்றைக்கும் தமிழரின் அடையாள அட்டையில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதை மலாய் மொழியில் இரண்டு எழுத்தாகச் சுருக்கிப் போடுகிறார்கள். அங்கேயும் கலியாணம் கட்டிய பெண் தகப்பனின் மகளாகவே இருக்கிறாள். ஆகவே ஒரு அரசாங்கத்தால் முடியாத காரியம் இல்லை இது. குடும்பப் பெயர் இல்லாத சனத்துக்குக் குடும்பப் பெயர் கேட்காமலே ஒரு அட்டையைக் கொடுக்கலாம்.

கடவுச்சீட்டுகளுக்கான சர்வதேச விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆம் ஆவணம் முதன்மை அடையாளம், இரண்டாம் அடையாளம் என்று மட்டும்தான் பிரிக்கிறது; எந்தப் பகுதி எதற்குள் போகவேண்டும் என்பதை வழங்கும் நாட்டிடம் விடுகிறது. பிரிக்க முடியாத பெயர் என்றால் முழுவதையும் முதன்மை அடையாளத்துக்குள் போடலாம். இயந்திரம் வாசிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம் இருக்கிறது. பாலசுப்பிரமணியத்தின் மகன் திருநாவுக்கரசுக்கு அது ஒருமாதிரிப் போதும். சிக்கல் விதியில் இல்லை. விமானச் சீட்டு எடுக்கும் இடத்திலும், வங்கியிலும், பள்ளிக்கூடத்திலும் இரண்டு கட்டங்களையும் கட்டாயமாக்கி வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது.

உறுதி

அம்மா உறுதி ஒன்றும் எழுதாமல் போய்விட்டா. வீடும் வளவும் அவவின் சீதனம். அண்ணன்மாரும் அக்காவும் தங்கள் பங்கை என் பெயருக்கு எழுதித் தர முழுமனதோடு சம்மதித்தார்கள்; மூன்று பேரும் தங்களுக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அங்கிருந்து அனுப்பினார்கள். நான் அவற்றைக் கொண்டுபோய் நொத்தாரிசு ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, பெயர்களை மட்டும் வாசித்தார்.

"பிள்ளை, இதில ஒரு குடும்பத்து ஆக்கள் ஆர்?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. கனடாக்காரர் ஒருவர், பிரான்சுக்காரர் ஒருவர், நோர்வேக்காரி ஒருவர், உள்ளூர்க்காரி ஒருவர். நாலு பேருக்கும் கடதாசியில் பொதுவாக ஒரு எழுத்துக்கூட இல்லை. சின்னண்ணாவினுடையதில் அப்பாவே மகளுக்குத் தன் பங்கை எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. ஒவ்வொருவருக்கும் 'இந்தப் பெயரால் அழைக்கப்படுபவரும் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவரும் ஒருவரே' என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் காணி அலுவலுக்குப் போன எவருக்கும் இந்தக் கடதாசி புதிதில்லை. பிறகு நாலு பேருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் கேட்டார். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தாயின் பெயர் எழுதிய கட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். நாலிலும் அம்மாவின் பெயர் ஒரே மாதிரி, ஒரு எழுத்தும் பிசகாமல் இருந்தது. "இது காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

அதற்குப் பிறகு தாய் உறுதிகளைக் கேட்டார். 95 இடப்பெயர்வில் அம்மா தென்மராட்சிக்கு உடுப்பு விட்டாலும் விடாமல் தூக்கிக்கொண்டு போன பை அது. அவர் அவற்றைப் பின்னோக்கி வாசித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் சீதன உறுதி. அதற்கு முந்தினது அம்மம்மாவினுடையது. அதற்கு முந்தினது அம்மம்மாவின் தாயுடையது. பழுப்பேறி மடிப்புகளில் கிழிந்த கடதாசி, கடைசியில் கைநாட்டு. ஒவ்வொன்றிலும் இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்று தகப்பனும் கணவனும் இரண்டு பக்கமும் நிற்க நடுவில் ஒரு பெண்ணின் பெயர். அந்த ஆண்களின் பெயர் ஒரு உறுதியில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது முற்றாக மாறிவிடுகிறது. பூட்டனை அம்மம்மாவின் உறுதியில் தகப்பனாகக் காணலாம், அம்மாவின் உறுதியில் அவர் இல்லை. மூன்று உறுதியிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. காணியின் பெயர்.

இலுப்பையடி வளவு. பரப்பு நாலு. வீடு, கிணற்றில் பங்கு, வான்பயிர், செய்பயிர். எல்லைகளில் நின்ற அயலவர்கள் மாறியிருக்கிறார்கள், ஒழுங்கை றோட்டாகியிருக்கிறது, இலுப்பை மரத்தை அம்மாவே கண்டதில்லை. பெயர் மட்டும் எழுத்துக் கூடாமல் குறையாமல் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் இப்படி ஒரு பெயர் இருக்கிறது, நாவலடி, புளியடி, கொல்லங்கலட்டி என்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரிக்குத் தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதிய மண் இது. இங்கே காணிக்குப் பெயர் இருக்கவேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நான் பிறந்து வளர்ந்து இப்போதும் குடியிருக்கும் வளவின் பெயரை நான் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். ஆனால் மூன்று தாய்மாரின் உறுதிகளை ஒருவர் சத்தமாக வாசிக்கக் கேட்ட அன்றைக்குத்தான் பெரியண்ணாவோடு நான் இத்தனை வருசம் வாக்குவாதப்பட்டதன் அடி எனக்குப் பிடிபட்டது. எங்களிடமும் தலைமுறை தாண்டி நிற்கும் பெயர் இருந்திருக்கிறது. அதை நாங்கள் ஆளுக்கு வைக்கவில்லை, மண்ணுக்கு வைத்திருக்கிறோம். ஆளின் பெயர் நகர்ந்துகொண்டே இருக்கலாம், ஏனென்றால் ஆள் எங்கே வந்து நிற்கவேண்டும் என்பதை வளவு பிடித்து வைத்திருந்தது. விமானம் ஏறியவர்களிடம் வளவு இல்லை. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கையில் இருந்தது அப்பாவின் பெயர் ஒன்றுதான். பெரியண்ணா அதைப் பிடித்ததில் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது.

ஆனால் இன்னொன்றில் கோபம் கூடியது. அந்த வளவு கைமாறி வந்தது முழுக்கப் பெண் வழியில். தாயிடம் இருந்து மகளுக்கு, மகளிடம் இருந்து அவள் மகளுக்கு. அந்த வழியைச் சொல்லும் பெயர் எங்கள் நாலு பேரின் ஒரு கடவுச்சீட்டிலும் இல்லை. கனடாவில் அப்பா நிற்கிறார். பிரான்சில் அப்பா நிற்கிறார். நோர்வேயில் அத்தான், இங்கே என் கணவர். நாங்கள் நாலு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நொத்தாரிசுக்கு நிரூபித்த அம்மாவின் பெயர் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் ஒரு கட்டத்திலும், அவவின் மரண அறிவித்தலிலும் இருக்கிறது. மரண அறிவித்தலில் எங்கள் ஆட்கள் எவ்வளவு ஒழுங்காக எழுதுவார்கள் என்று பாருங்கள்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னார் தம்பதிகளின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், சகோதரி, மாமி, அம்மம்மா. ஒரு ஆளின் முழுப் பெயர் அதுதான் என்று எனக்குப் படுகிறது. உயிரோடு இருக்கும்போது அதில் ஒரு எழுத்தைத்தான் எங்களுக்குத் தருகிறார்கள்.

ஸ்பானியாவில் பிள்ளைக்குத் தகப்பனின் குடும்பப் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் இரண்டும் வரும் என்பார்கள். நல்லதுதான். ஆனால் அந்தத் தாயின் குடும்பப் பெயரும் அவளுடைய தகப்பன் வழியில் வந்தது. எனக்குப் பிடித்தது பர்மாவில் குடும்பப் பெயரே இல்லாமல் வைக்கும் முறை. அங்கே ஆங் சான் சூ கீ என்ற பெயரில் ஆங் சான் தகப்பன், சூ தகப்பனின் தாய், கீ என்பது தாய் கின் கீயின் பெயரில் இருந்து எடுத்தது. அதில் தாய் வந்திருப்பது தன் சொந்தப் பெயரால், தன் தகப்பனின் பெயரால் அல்ல.

நொத்தாரிசு ஐயாவிடம் புது உறுதியில் நாலு பேரையும் தகப்பனின் பிள்ளைகள் என்று மட்டும் எழுதாமல் அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன். "எழுதினால் ஒரு தடையும் இல்லை, ஒருத்தரும் கேக்கிறேல்ல" என்றார். எழுதினார்.

ஒசுலோவில் இருந்து ஒரு கேள்வி

போன கிழமை பெறாமகள் எடுத்தாள். அவளுக்குப் புரட்டாதியில் பிள்ளை பிறக்க இருக்கிறது, பெண்பிள்ளை. பெயர் என்ன போடுவது என்று அவளுக்கும் புருசனுக்கும் இடையில் கதை நடக்கிறது. புருசனின் வீட்டாருக்குத் தங்கள் பண்ணைப் பெயர் வரவேண்டும் என்று விருப்பம். அக்காவுக்கு அத்தானின் பெயர் வந்தால் நல்லது. "சின்னம்மா, நீங்கதானே இதைப் பற்றி எல்லாரோடயும் சண்டை பிடிக்கிற ஆள், சொல்லுங்கோ" என்றாள்.

அவள் விசாரித்தும் வைத்திருந்தாள். பழைய முறையை 1923 இல் அடைத்த நோர்வே, இப்போதைய சட்டத்தில் அந்தக் கதவை மறுபடியும் திறந்துவிட்டிருக்கிறது. தகப்பனின் சொந்தப் பெயரோடு மட்டுமல்ல, தாயின் சொந்தப் பெயரோடும் 'டாட்டர்' சேர்த்துப் பிள்ளைக்கு வைக்கலாம். ஜெர்மனியும் 2025 மே 1 முதல் தன் வடகடல் கரையோரத்து ஃபிரீசிய மக்களுக்கு அவர்களுடைய பழைய தகப்பன்-பெயர் முறையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது; நெப்போலியன் காலத்தில் 1811 இல் பறித்தது. இருநூறு வருசம் கழித்தும் ஒரு சனம் தன் முறையைக் கேட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் அவளிடம் சொன்னது இதுதான். பிள்ளைக்கு நீங்கள் விரும்பிய ஒரு பெயரை வையுங்கோ. அதற்குப் பிறகு உன்ர பெயரைப் போட்டு டாட்டர் சேர். அதற்குப் பிறகு அவையின்ர பண்ணையின் பெயரைப் போடு, அது அந்தப் பிள்ளையின் மண். அவளுக்கு அது உடனே பிடிபடவில்லை. "அப்ப அவளின்ர பிள்ளைக்கு என்ர பெயர் வராதே?" என்று கேட்டாள். வராது, அவளுடைய பெயர் வரும், நீ விலகி நிற்கவேண்டும், அதுதான் எங்கள் முறை என்றேன். பண்ணையின் பெயர் மட்டும் விலகாது. அம்மப்பா வேண்டாமா என்று கேட்டாள். அவரைப் பெரியண்ணாவின் வீட்டில் வடிவாக வைத்துப் பார்க்கினம், நீ கவலைப்படாதே என்றேன்.

பிறகு அவளுக்குச் சிறுப்பிட்டி வைரவநாதர் தாமோதரம்பிள்ளையைச் சொன்னேன். ஊர், பெற்றவர், ஆள். அவளுடைய பிள்ளையின் பெயரைப் பின்னாலிருந்து வாசித்தால் அதே ஒழுங்கு. அவளுடைய மாமியாரின் பாட்டி பிறந்தபோது தேவாலயப் பதிவில் எழுதியதும் அந்த ஒழுங்குதான். தொலைபேசியில் அவள் அதை நோர்வீஜிய மொழியில் புருசனுக்குச் சொல்வது கேட்டது. அவன் ஏதோ கேட்டான், இவள் திருப்பிச் சொன்னாள், இரண்டு தரம். தாயிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றானாம். அக்காவுக்கு இன்னும் தெரியாது. அவளே சொல்லட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை.